அடி இறங்கினால் கர்ப்பப்பையை எடுத்தே ஆகணுமா?

கேள்வி: எனக்கு வயது 54. மூன்றும் சுகப்பிரசவம். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறேன். சாயங்காலமானால் கீழே பந்து மாதிரி வந்து நிற்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. முகாமுக்கு ஆள் சேர்ப்பவர் ஒருவர், ‘விட்டால் புற்றுநோய் ஆகிவிடும், காப்பீட்டு அட்டையிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்கிறார். எடுக்கணுமா? – வாசகி, உசிலம்பட்டி பக்கம்.

பதில்: முதலில் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள் அம்மா. அடி இறங்குவது புற்றுநோயாக மாறாது. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத் தசை, தீட்டு நின்றபின் இன்னும் தொய்ந்துபோய் மேலே உள்ளதைத் தாங்க மாட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

இறங்கியது கர்ப்பப்பைதான் என்று அவருக்கு யார் சொன்னது? பல பேருக்கு முன்பக்கம் மூத்திரப்பைதான் சரிந்திருக்கும். கர்ப்பப்பையே இறங்கியிருந்தாலும், வெட்டி எடுத்துவிட்டு மேலே தூக்கிக் கட்டாமல் விட்டால் பிறப்புறுப்பின் கூரையே பிறகு இறங்கலாம். மேலூர் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “அதான் எடுத்தாச்சே டாக்டர், இப்ப என்ன வருது?” என்றார். கையில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்றே வரி. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, நல்ல திட்டம்தான். ஆளைப் பார்க்கும் முன்னே அட்டையைப் பார்க்கிறவர்கள் கையில் அது சிக்கியதுதான் வயிற்றெரிச்சல்.

நீங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது வளையம் (பெசரி). அளவு பார்த்து உள்ளே வைத்தால் இறங்கியதைத் தாங்கிக்கொள்ளும். மயக்க மருந்து வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை கழுவி மாட்ட வேண்டும். இதில் யாருக்கும் கமிஷன் கிடையாது, அதனால் யாரும் சொல்வதும் கிடையாது.

அப்புறம் தசைப் பயிற்சி. ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது வாயு வந்தால் அடக்குவோமில்லையா, அதே இறுக்கம்தான். 10 எண்ணும் வரை பிடித்து, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை, தினம் மூன்று வேளை, மூன்று நான்கு மாதம். மலச்சிக்கலுக்கும் தீராத இருமலுக்கும் வைத்தியம் பாருங்கள். தண்ணீர்க் குடத்தை மகன் தூக்கட்டும். இதெல்லாம் சரிவராவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். அப்போதும் ‘எது இறங்கியிருக்கிறது?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று மட்டும் வேறு கதை. தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரே ஒரு சொட்டானாலும், வெளிர் சிவப்பாக இருந்தாலும், ஒரு நாள் பட்டு நின்றுவிட்டாலும், உடனே காட்டுங்கள். வெளியே வந்த சதை துணியில் உரசிப் புண்ணாகியும் ரத்தம் வரும், உண்மைதான். அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் அல்ல, முகாம்காரரும் அல்ல. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதித்த பிறகு டாக்டர் சொல்லட்டும்.