ஆம்ப்ளிபையருக்கு முன்னால் என்ன வைப்பது?

கேள்வி: 60 வாட் ஆம்ப், சிடி பிளேயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆனது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் தெருவில் வோல்டேஜ் 205-க்கு இறங்கிவிடும். கடைக்காரர் 45,000 ரூபாய்க்கு ஒரு பவர் கண்டிஷனர் வாங்கச் சொல்கிறார். எலக்ட்ரீஷியனோ, ஏ.சி.க்குப் போடும் ஸ்டெபிலைசரே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பெட்டிக்குள் 205 வோல்ட் போனால், வெளியே எவ்வளவு வரும்?" கண்டிஷனர் என்று விற்கிற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை, அதே 205. உள்ளே இருப்பது சுருள்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த ஒரு வடிகட்டி, திடீர் எகிறலைத் தடுக்கும் ஒரு சின்னப் பாகம், சிலவற்றில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். லைனில் வரும் இரைச்சலை இவை குறைக்கும். இறங்கிய வோல்டேஜை ஏற்றாது. உங்கள் பிரச்சினை வோல்டேஜ்தான். அதற்கு 45,000 ரூபாய் கொடுத்து இந்த மருந்தை வாங்குவானேன்? மின்சாரத்தை உள்ளே வாங்கி, டி.சி.யாக்கி (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்கி), புதிதாக அலையை உண்டாக்கித் தரும் ரீஜெனரேட்டர் என்று ஒன்று உண்டு. அது வோல்டேஜையும் சரிசெய்யும். ஆனால் அதன் விலைக்கு இன்னொரு ஜோடி ஸ்பீக்கரே வாங்கிவிடலாம். நன்றாகச் சூடாகவும் செய்யும்.

அப்புறம், 205 வோல்ட் உண்மையில் எவ்வளவு பெரிய குறை? நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். 205-க்கு இறங்கினால் உங்கள் 60 வாட் ஆம்ப் அதிகபட்சம் சுமார் 48 வாட் தரும். எண்ணைப் பார்த்தால் நிறையக் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் காதுக்கு அது ஒரு டெசிபல்தான். அதுவும் வால்யூமை முழுக்கத் திருகினால் மட்டுமே தெரியும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது நாலைந்து வாட்டுக்கு மேல் செலவாவதே அபூர்வம். சிடி பிளேயருக்குள் தனியாக ரெகுலேட்டர் இருப்பதால் அதற்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது. பின்பக்கம் 100–240 என்று அச்சிட்டிருக்கும் எந்தக் கருவிக்கும் ஸ்டெபிலைசர் தேவையில்லை.

ஏ.சி. ஸ்டெபிலைசரில் ரிலே இருக்கிறது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் அது 'டக்' என்று இடம் மாறும். மாறும் அந்த நொடித்துளியில் கரண்ட் அறுபட்டு வரும். அமைதியாக ஓர் ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது அந்த 'டக்' எவ்வளவு எரிச்சலூட்டும் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, கம்ப்ரசருக்காக வைத்த தாமதத்தால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் சில நிமிஷம் காத்திருக்கவும் வேண்டும்.

அதனால் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஒரு வாரம் காலை, மதியம், ஏழு மணி, இரவு பதினொன்று என்று குறித்து வையுங்கள். 205-க்கும் 250-க்கும் நடுவில் நின்றால் ஸ்டெபிலைசரை மறந்துவிடுங்கள். 190-க்குக் கீழே போகிறது, அல்லது நள்ளிரவில் 250-ஐத் தாண்டுகிறது என்றால் முதலில் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். தெரு டிரான்ஸ்பார்மரில் சரிசெய்ய வேண்டியதை வீட்டுக்கு வீடு பெட்டி வைத்துச் சரிசெய்வது வீண். அதற்கும் பலன் இல்லையென்றால், சர்வோ ஸ்டெபிலைசர். அதில் ஒரு சின்ன மோட்டார் கார்பன் பிரஷ்ஷைச் சுருளின் மேல் நகர்த்தும், கரண்ட் அறுபடாது. பெட்டியே லேசாக உறுமும் என்பதால் பாட்டுக் கேட்கும் அறையில் வைக்காதீர்கள்.

மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே எர்த்தையும் பார்த்துவிட வேண்டும். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், ஆம்பின் உலோக மூடியைப் புறங்கையால் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீரென்றது. சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 38 வோல்ட். பின்கட்டில் எர்த் குழியைத் திறந்தோம். உள்ளே மண் பாளம் பாளமாகக் காய்ந்து, கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் துரு ஏறி, கையால் அசைத்தால் ஆடியது. எலக்ட்ரீஷியன் அதைச் சுரண்டி, புது போல்ட் போட்டு முறுக்கி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுபடி அளந்தால் இரண்டு வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த மெல்லிய ரீங்காரமும் அன்றோடு போயிற்று.

மீட்டர் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம். சில இடங்களில் எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் உங்கள் ஆம்பின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்தின் தடையை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கவும் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் கையில் பணம் இருந்தால், எம்.சி.பி. பெட்டியிலிருந்து ஆம்புக்கென்று தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் இழுத்து, ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். பிரிட்ஜ், மோட்டார், ஃபேன் ரெகுலேட்டர் எதுவும் அந்த லைனில் வேண்டாம். சில ஆயிரங்களில் முடியும் இந்த வேலை, பல கண்டிஷனர்களைவிட உருப்படியானது என்பது என் தீர்மானமான கருத்து.

கேள்வி: டிவியை ஆம்போடு இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒலி. நண்பர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார். ஒலி நின்றுவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: கூடவே கூடாது. இன்றைக்கே அந்தப் பின்னைத் திரும்ப மாட்டுங்கள். உள்ளே டிரான்ஸ்பார்மரில் ஒரு கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த மூன்றாவது பின்தான்.

ஒலிக்குக் காரணம், உங்கள் டிவிக்கு வரும் கேபிள் வேறெங்கோ எர்த் ஆகியிருப்பது. இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம், ஆம்புக்குப் போகும் ஒயரின் மேலுறை வழியாக ஓடுகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஒலி நின்றால் குற்றவாளி அதுதான். டிவியிலும் ஆம்பிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அந்த ஒயரால் இணையுங்கள். அதில் போவது வெளிச்சம் மட்டுமே, கரண்ட் தாண்டிப் போக வழியே இல்லை. இல்லையென்றால் கேபிளுக்கென்றே விற்கும் ஐசொலேட்டர் ஒன்று போதும். பெரிய பெட்டி எதுவும் வேண்டாம்.

ஒலி ஸ்பீக்கரிலிருந்து வராமல் ஆம்ப் பெட்டியிலிருந்தே வந்தால் அது வேறு சங்கதி. மூடியில் காதை வைத்துப் பாருங்கள். உள்ளே டிரான்ஸ்பார்மர் உறுமினால், மின்சாரத்தில் கொஞ்சம் டி.சி. கலந்து வருகிறது என்று சந்தேகப்படலாம். அதற்கு டி.சி. பிளாக்கர் என்று தனியாக இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா தன் பழைய ஆம்பையும் டர்ன்டேபிளையும் அனுப்புகிறார். இரண்டும் 120 வோல்ட். ஒரு கன்வெர்ட்டர் வாங்கினால் போதுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஹேர் டிரையருக்கென்று விற்கும் இலேசான எலக்ட்ரானிக் கன்வெர்ட்டரை மட்டும் ஆம்பில் மாட்டிவிடாதீர்கள். அலையையே வெட்டி அனுப்பும் சாதனம் அது. கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும். ஆம்பின் பின்புறம் 300 வாட் என்றிருந்தால் 500 வி.ஏ.க்கு (டிரான்ஸ்பார்மரின் திறனைச் சொல்லும் அளவு) குறையாமல் எடுங்கள். எர்த் பின் இரண்டு பக்கமும் தொடர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். அதற்கு முன்னால், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா? மின்சார அலை நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். வெறும் 60 என்றால் நம் ஊர் 50-ல் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும்.

டர்ன்டேபிளில்தான் உண்மையான சிக்கல். ஏ.சி. மோட்டார் என்றால் அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு இங்கே 28-ஐக்கூடத் தொடாது. பாடகரின் குரல் சோர்ந்து இழுபடும். வோல்டேஜை எவ்வளவு சரிசெய்தாலும் இது மாறாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே அக்காவை விசாரிக்கச் சொல்லுங்கள். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் என்றால் கவலையில்லை.

கேள்வி: இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: ப்யூர் சைன் வேவ் (லைனில் வருவது போன்ற வழவழப்பான அலை) என்றால் ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் (கட்டம் கட்டமாக வெட்டிய அலை) என்றால் ஆம்பும் ஃபேனும் சேர்ந்து உறுமும்; வேண்டாம்.

கேள்வி: நல்ல ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தும் எங்கள் ஆம்ப் எரிந்துவிட்டது. மின்னல் எதுவும் இல்லை. எப்படி? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தெருவில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது உங்கள் வீடும் எதிர்வீடும் இரண்டு பேஸுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். மொத்தம் 400 வோல்ட். குறைவாகக் கரண்ட் இழுக்கும் வீட்டுக்கு அதில் பெரும்பங்கு போய்ச் சேரும். ஸ்பைக் பஸ்டருக்குள் காசு அளவில் ஒரு வட்டத் துண்டு இருக்கும், எம்.ஓ.வி. என்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் எகிறலை அது தாங்கும். நிமிஷக்கணக்கில் 350 வோல்ட் வந்தால் கருகிவிடும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, சத்தமில்லாமல் செத்தும் போகும். சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது என்றுதான் அர்த்தம். பாதுகாப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

புது ஆம்ப் வாங்குமுன் எம்.சி.பி. பெட்டியில் ஓர் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் பொருத்துங்கள். மேல் வரம்பு 260, கீழ் வரம்பு 180 என்று வைத்தால், தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிட்டு, சரியானதும் தானாகச் சேர்த்துக்கொள்ளும். ஸ்பைக் பஸ்டரும் இருக்கட்டும், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். டிவி கேபிளையும் சேர்த்துத்தான்.