வலிப்பு நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவி ஜிப்மரில் பார்க்கிறோம். போன மாதம் வலது கை இழுத்து வலிப்பு வந்ததிலிருந்து லெவெடிரசெட்டாம் மாத்திரை. இப்போது வலிப்பே இல்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் மூளையில் பரவியிருக்கிறது, அவருக்கு இந்த மாத்திரை தரவில்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வலிப்பு வராமல் இருப்பதே பெரும்பாலும் அந்த மாத்திரையால்தான், சட்டென்று விட்டால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வரும் அபாயமும் உண்டு. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு இதுவரை வலிப்பு வந்திருக்காது. மூளையில் பரவியிருக்கிறது என்பதற்காக மட்டும் முன்கூட்டியே இதைக் கொடுப்பதில்லை, கொடுத்தும் பெரிதாகப் பயனில்லை. ஒரு தடவை வந்துவிட்டால் கணக்கே வேறு.

எரிச்சல் இந்த மாத்திரையாலேயே வரலாம். மூளை வீக்கம் குறைய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதுவும் தூக்கத்தைக் கெடுத்துச் சிடுசிடுக்க வைக்கும், அதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். அம்மா வேண்டுமென்று கோபப்படவில்லை, அதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கடையில் கேட்டு ஃபெனிடாயின் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாறவும் வேண்டாம், அது சில கீமோ மருந்துகளின் வீரியத்தையே குறைத்துவிடும்.

நான் அதிகம் பயப்படுவது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத்தான். விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று காலை மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் வரிசையில் நிற்கும்போதே கை துடிக்க ஆரம்பிக்கிறது. ஒரு வாய் தண்ணீரில் வலிப்பு மாத்திரையைப் போட்டால் ரத்தப் பரிசோதனை ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கூடுதலாகவே கையில் வைத்திருங்கள்.

மறுபடி வந்தால், இரும்புச் சாவி வேண்டாம், வாயில் துணியோ கரண்டியோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் இன்னொன்று வந்தாலோ உடனே 108. நின்ற பிறகு வலது கை சில மணி நேரம் தளர்ந்திருக்கலாம், அது தேறாமல் அப்படியே இருந்தாலோ தலைவலியும் வாந்தியும் சேர்ந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் இந்தத் தடவை கேட்டுவிடுங்கள்.