எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி அமெரிக்கக் குடிமகள். பிடித்த வேட்பாளருக்கு நான் 50 டாலர் நன்கொடை தரலாமா?

கூடாதுங்க. 5 டாலர்கூடக் கூடாது. வருடா வருடம் வரி கட்டுகிறோமே என்று கேட்பீர்கள், அந்த நியாயம் இங்கே எடுபடாது. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு (நிரந்தரவாசி அட்டை) வேண்டும். ஐ-140 (நிறுவனம் உங்களுக்காகப் போடும் மனு) ஒப்புதல், நிலுவையில் உள்ள ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்), கையில் இருக்கும் இஏடி (வேலை அனுமதி அட்டை) எதுவும் கிரீன் கார்டுக்கு ஈடாகாது. ஜனாதிபதி தேர்தலில் இருந்து உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தல் வரை இதே தடைதான். கார்டு வந்துவிட்டால் குடிமக்களுக்கான உச்சவரம்பே உங்களுக்கும்: 2025-26இல் ஃபெடரல் வேட்பாளர் (ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தல்களில் நிற்பவர்) ஒருவருக்கு, தேர்தல் ஒன்றுக்கு 3,500 டாலர்.

நம்மவர்கள் மாட்டுவது வேறு இடங்களில். வேட்பாளரின் கடையில் டிஷர்ட் வாங்கினாலும், நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் எடுத்தாலும் அந்தத் தொகை முழுவதும் நன்கொடைதான். இணையப் படிவத்தில் 'குடிமகன் அல்லது நிரந்தரவாசி' என்ற கட்டத்தை டிக் செய்தால் பொய் உறுதிமொழியும் சேர்ந்துகொள்ளும். மனைவி தன் விருப்பப்படி தன் பணத்தைத் தரலாம். உங்கள் பணத்தை அவர் பெயரில் தருவது தனிக் குற்றம். அதனால் கூட்டுக் கணக்கைத் தவிர்த்து, அவருடைய சம்பளக் கணக்கிலிருந்து, அவர் பெயரில் உள்ள கார்டில் கட்டச் சொல்லுங்கள்.

'இன்னாருக்கு வாக்களியுங்கள்' என்று சொந்தக் காசில் விளம்பரம் போடுவதும் கூடாது. நியூயார்க்கில் தற்காலிக விசாவில் இருந்த புளூமன் என்ற கனடா வழக்கறிஞர், ஒபாமாவுக்கு ஆதரவாகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்து சென்ட்ரல் பார்க்கில் கொடுக்க அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 2011இல் தோற்றார். 2012இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதி செய்தது.

சம்பளம் வாங்காமல் தொண்டராகப் போகலாம். வீடு வீடாகப் போங்கள், போன் செய்யுங்கள், பேசுங்கள். எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பிரச்சாரக் குழுவின் பொருளாளருக்கு உங்கள் விசா நிலையைச் சொல்லி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தெரியவந்த 30 நாளுக்குள் அவர் திருப்பித் தர வேண்டும். கிடைத்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது பொது விதி. நோட்டீஸ் ஏதாவது வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் ஊரை நினைத்தால் வயிறு எரிகிறது. பிரிட்டனில் தாய் நிறுவனம் இருந்த வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடம் பணம் வாங்கியதில் பாஜகவும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, சட்டத்தைத் திருத்திக்கொண்டன. 2016இல் ஒரு திருத்தம். அது போதாதென்று 2018 நிதி மசோதாவில், மக்களவையில் விவாதமே இல்லாமல், 1976 வரை பின்னோக்கிச் செல்லும்படி இன்னொன்று.