தென்னை மறைத்தால் இணைப்பு அறும்

கேள்வி: எங்கள் பக்கம் ஃபைபர் இணைய இணைப்பு இன்னும் வரவில்லை. வீட்டுக்கு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் போட்டால் 200 எம்பிபிஎஸ் வேகம் வரும் என்கிறார்கள். உண்மையா? மகளுக்கு ஸூம் வகுப்புகள் இருக்கின்றன.
– வாசகி, நெடுங்கேணி

பதில்: 200 தொடும் நேரமும் உண்டு, அம்மா. அதையே நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒரே வட்டாரத்தில் இருப்பவர்கள் செயற்கைக்கோளின் கொள்ளளவைப் பங்கிடுவதால், எல்லோரும் படம் பார்க்கும் இரவு 8, 9 மணிக்கு வேகம் நன்றாகவே இறங்கும். பதிவேற்றம் பெரும்பாலும் 10, 20 எம்பிபிஎஸ்தான். ஸூமுக்கு 4 இருந்தாலே தாராளம்.

வகுப்புக்கு வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம். பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது, ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பிள்ளையின் பதில் போய்ச்சேர அரை விநாடிக்கு மேல் இழுக்கும், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அதில் அந்த இழுப்புத் தெரியாது.

எனக்குக் கவலை உங்கள் வளவு மரங்கள்தான். செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் வீட்டில் பொருத்தும் அலைவாங்கித் தட்டுக்கு அகலமான திறந்த வானம் வேண்டும். ஒரு தென்னோலை குறுக்கே நின்றாலும் சில விநாடிகள் அறுந்து அறுந்து வரும். வேகச் சோதனையில் 150 காட்டும், மகளின் குரல் மட்டும் வெட்டுப்படும். வாங்குமுன் ஸ்டார்லிங்க் செயலியைத் திறந்து, கூரைமேல் நின்று கைபேசிக் கேமராவால் வானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். எங்கே மறைக்கிறது என்று சொல்லிவிடும். மாரியில் கனமழை கொட்டும்போது சற்று நேரம் நின்றுபோகும். அதற்கு மாற்றாக ஒரு 4ஜி சிம் வைத்திருங்கள்.