ரீகண்ட் வெல்ஃபயர்: சேஸி பிளேட்ல 17 எழுத்து இல்லையே, புக்கிங் கட்டலாமா?

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு வாசகர் கேக்கறார்: "ஜப்பான்ல ஓடிட்டு இங்க இறக்குமதியான (ரீகண்ட்) டொயோட்டா வெல்ஃபயர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், இன்னும் ரெஜிஸ்டர் ஆகல. விஐஎன், அதாவது காடியோட அடையாளமான சேஸி நம்பர், 17 எழுத்துன்னு சொல்றாங்க, இந்த காடியில அவ்வளவு இல்ல. டீலர் பேப்பர் எல்லாம் கிளியர்ங்கறார். புக்கிங் கட்டலாமா?"

அண்ணே, 17 எழுத்து இல்லன்னு பயப்படாதீங்க. ஜப்பான்காரங்க அவங்க ஊர் மார்க்கெட்டுக்கு செய்யற காடிக்கு மாடல் கோட், நடுவுல ஒரு கோடு, அப்புறம் நம்பர், அவ்வளவுதான். 30 சீரிஸ் 2.5 வெல்ஃபயர்னா ஏஜிஎச்30ன்னு ஆரம்பிக்கும். யூகே காடின்னாதான் 17 வரும்.

இப்ப டார்ச் எடுத்துக்கிட்டு பகல்லயே போங்க. சேஸி நம்பர் போட்ட பிளேட் இருக்கற இடம் மாடலுக்கு மாடல் மாறும், போனட் உள்ள பின்பக்க சுவர்லயோ கதவு தூண்லயோ தேடுங்க. அதே நம்பர் பாடி இரும்புலயும் குத்தியிருக்கும், ரெண்டையும் போட்டோ எடுங்க. குத்துன எழுத்து ஏறி இறங்கி இருந்தா, சுத்தி கிரைண்ட் பண்ண தடமோ புது பெயிண்டோ தெரிஞ்சா, பிளேட்டோட ரிவெட் கீறியிருந்தா, அங்கயே திரும்பிடுங்க, விலை எவ்வளவு கொறச்சாலும் சரி. பிளேட்ல காடியோட கலர் கோட் நம்பரும் இருக்கும், டொயோட்டால 202ன்னா கருப்பு, அப்படி போட்டுட்டு காடி வெள்ளையா நின்னா முழுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, ஏன்னு கேக்கணும்.

பேப்பர்ல முதல்ல ஜப்பான் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட். சேஸி நம்பர், முதல் ரெஜிஸ்ட்ரேஷன் மாசம் வருஷம் ரெண்டும் அதுல இருக்கும், வருஷம் அவங்க கணக்குல ரெய்வா 2, ரெய்வா 3ன்னு வரும், அதோட 2018 கூட்டுங்க, ரெய்வா 3ன்னா 2021. டீலர் 2022 மாடல்னு சொல்லி பேப்பர்ல ரெய்வா 2 இருந்தா பேச்சு அங்கயே முடிஞ்சது. இன்ஸ்பெக்ஷன்ல பதிவான மைலேஜும் அதுல வரும், மீட்டரோட ஒப்பிட்டு பாருங்க.

ஆக்ஷன் ஷீட்ட (ஜப்பான் ஏலத்துல காடியோட நிலைய எழுதற தாள்) மட்டும் டீலர் குடுக்கற ஜெராக்ஸ வச்சு நம்பாதீங்க, திருத்தறது ரொம்ப சுலபம். சேஸி நம்பர குடுத்தா காசுக்கு தேடித்தர ஆன்லைன் சர்வீஸ் இருக்கு, காடி விலையோட பாத்தா அது ஒண்ணுமே இல்ல, நீங்களே எடுத்துப் பாருங்க. கிரேட் இடத்துல ஆர்னோ ஆர்ஏன்னோ இருந்தா அடிபட்டு ரிப்பேர் பண்ண காடி. அதுல இருக்கற காடி படத்துல டபிள்யூன்னா தட்டி சரி பண்ணது, ரெண்டு எக்ஸ்னா பேனலே மாத்தினது.

அப்புறம் ஏபியும் (காடி இறக்குமதி பெர்மிட்) கஸ்டம்ஸ் கே1 பாரமும் (இறக்குமதி டிக்லரேஷன்). "கஸ்டமருக்கு காட்ட மாட்டோம்"னு சொல்லுவாங்க. விலைய மறைச்சுட்டு சேஸி நம்பரும் வருஷமும் தெரியற மாதிரி காட்டுங்கன்னு கேளுங்க, ஒழுங்கான டீலர் காட்டுவார். இதுல ஏன் இவ்வளவு அழுத்தறேன்னா, வரியில தில்லுமுல்லு பண்ணிருந்தா கஸ்டம்ஸ் காடிய உங்க வீட்டு வாசல்ல வந்துதான் இழுக்கும், அப்ப டீலர் போன எடுக்க மாட்டார், பேங்க் லோன் மாசா மாசம் ஓடிக்கிட்டே இருக்கும். ஏபில பழைய காடி கொண்டு வர 1 வருஷத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும்தான் வயசு, அதையும் சரி பாத்துக்கோங்க.

காடி இன்ஸ்பெக்ஷன் பண்ற புஸ்பகோம்ல பாஸ்னா மீட்டர் உண்மைன்னு எடுத்துக்காதீங்க, அவங்க பாக்கறது வேற. கிரான் (காடி உரிமைப் பத்திரம்) வந்ததும் 'தாஹுன் டிபுவாட்', அதாவது தயாரிச்ச வருஷம், எதுன்னு பாருங்க, நாளைக்கு நீங்க விக்கும்போது விலை பேசறது அந்த வருஷத்த வச்சுதான், ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிஞ்ச தேதிய வச்சு இல்ல.

புக்கிங் ரசீதுல சேஸி நம்பர், தயாரிச்ச வருஷம், பேப்பர் ஒத்துப் போகலன்னா முழுப் பணமும் திருப்பித் தரணும்னு எழுதி டீலரோட சாப் (முத்திரை) போட்டு வாங்குங்க. அப்புறம் தகராறுன்னா 50,000 ரிங்கிட் வரைக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு போகலாம், லாயர் வேணாம், ஆனா கையில அந்த ரசீது இருக்கணும்.