ரிவர்ஸ் சுவிட்ச் போட்டும் லேத் மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றுகிறதா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சின்னதாக லேத் ஷெட் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலரை அடி லேத், 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். எம்10 போல்ட்டுகளுக்கு மரை போட ரிவர்ஸ் தேவைப்பட்டதால் ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்ச் வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பக்கம்தான் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் ‘ரீவைண்டிங் பண்ணணும்’ என்கிறார். லேத்தை வாங்கிக் கொடுத்த புரோக்கர் ‘மோட்டாரையே மாத்திடலாம், என்கிட்ட த்ரீ ஃபேஸ் ஒண்ணு இருக்கு’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகர், கோவை இருகூர்

பதில்: இப்போதைக்கு இருவரையுமே கேட்க வேண்டாம். எந்தப் பக்கமானாலும் நன்றாக ஓடுகிறது என்றால் மோட்டாரில் கோளாறு இல்லை. சுவிட்சும் நல்லதாகத்தான் இருக்கும். வயர் போன இடம்தான் தப்பு.

நடந்தது இதுதான். சுவிட்சைத் திருப்பினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறும்படி எலக்ட்ரீஷியன் இணைத்திருக்கிறார். அது த்ரீ ஃபேஸ் பழக்கம். அங்கே மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றிப் போட்டாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், வேலை முடிந்தது. சிங்கிள் ஃபேஸில் அது செல்லாது. உங்கள் மோட்டாருக்குள் இரண்டு காயில் உண்டு. ரன்னிங் காயில் ஓட்டுவதற்கு, ஸ்டார்ட்டிங் காயில் முதல் தள்ளு கொடுப்பதற்கு. ரன்னிங் காயிலுக்குத் திசையே தெரியாது. ஸ்டார்ட்டிங் காயில் எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறதோ அந்தப் பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றினால் இரண்டு காயிலுமே ஒன்றாகத் தலைகீழாகும். மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ், பள்ளிக்கூடத்துக் கணக்கு. திசை மாற வேண்டுமானால் ஒரு காயில் அப்படியே இருக்க, இன்னொன்று மட்டும் தலைகீழாக வேண்டும். பொதுவாக ஸ்டார்ட்டிங் காயிலை மாற்றுவோம்.

அதற்கு மோட்டாரிலிருந்து நான்கு வயர் வெளியே வர வேண்டும், காயிலுக்கு இரண்டு வீதம். இங்கேதான் வம்பு. நிறைய மோட்டார்களில் உள்ளுக்குள்ளேயே முடிச்சுப் போட்டு இரண்டு வயரை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். ரெண்டு முழம் வயரில் என்ன மிச்சமாகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. இங்கே விற்கும் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸ் மூடிக்குள் ஒரு கனெக்‌ஷன் படம் ஒட்டியிருப்பதில்லை. சுவிட்ச் டப்பாவிலும் படம் கிடையாது. கடையில் கேட்டால், ‘எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும் சார்.’ தெரிந்த லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டீர்களே.

இரண்டு வயர்தான் இருக்கிறது என்றால், அப்போதும் ரீவைண்டிங் வேண்டாம். மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போய், ‘ஸ்டார்ட்டிங் காயில் ரெண்டு முனையையும் தனியா வெளியே எடுத்துக் கொடுங்க, காயிலைத் தொடாதீங்க’ என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை மாற்றாமல் சொல்லுங்கள். உள்முடிச்சைப் பிரித்து, வயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, நூல் கட்டி, வார்னிஷ் அடிக்கிற வேலை மட்டும்தான் இது. கையோடு நின்று வாங்கி வந்துவிடுங்கள். மோட்டாரை விட்டுவிட்டு வந்தால் சாயந்திரம் போன் வரும்: ‘காயில் கருகியிருக்கு, புதுசா சுத்தியாச்சு.’ பழைய தாமிரம் அவர்கள் கடை மூட்டைக்குப் போயிருக்கும். உள்ளே சுற்றியிருப்பது அலுமினியமாகக்கூட இருக்கலாம். காயில் முனையில் இனாமலைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நேர்மையான கடைகளும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. புரோக்கர் கைகாட்டும் கடை அதுவாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு அங்கே கமிஷன் உண்டு.

நான்கு வயர் இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஸ்டார்ட்டிங் காயிலோடு சேர்ந்த கெபாசிட்டரின் இரு முனையிலும் ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு தொட்டு, தேங்கிய கரண்ட்டை வெறுமையாக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம். கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். எதோடு எது தொடர்பு காட்டுகிறதோ அது ஒரு ஜோடி. குறைந்த ஓம் காட்டும் ஜோடி ரன்னிங், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங். மார்க்கிங் டேப் ஒட்டுங்கள். கலரை நம்பாதீர்கள். ரீவைண்டிங் ஆன மோட்டாரில் கையில் கிடைத்த கலர்தான் வயர்.

இனி சுவிட்ச். நீங்கள் வாங்கியது மூன்று ‘போல்’ (தனித்தனி கரண்ட் பாதை) உள்ள, நடுவில் 0 உள்ள சாதாரண த்ரீ ஃபேஸ் ரிவர்சிங் சுவிட்ச் என்றே வைத்துக்கொள்கிறேன். அதுவே போதும். அதில் ஒரு போல் இரண்டு பக்கத்திலும் நேராகவே போகும், மற்ற இரண்டும் பக்கம் மாறினால் குறுக்காக மாறும். நேராகப் போகும் போல் வழியாக ஃபேஸ், ரன்னிங் காயிலின் ஒரு முனைக்கு. அதன் மறுமுனை நேரே நியூட்ரலுக்கு. குறுக்காகும் இரண்டு போலின் உள்வாயில் (கரண்ட் நுழையும் முனையில்) ஒன்றுக்கு ஃபேஸ், ஒன்றுக்கு நியூட்ரல். அவற்றின் வெளிவாயில் ஸ்டார்ட்டிங் ஜோடி, கெபாசிட்டரும், வேகம் பிடித்ததும் அந்தக் காயிலைக் கழற்றிவிடும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் அந்த வரிசையிலேயே இருக்க. சுவிட்சில் எந்த எண் எந்த போல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் கரண்ட் கொடுக்கும் முன் ஒவ்வொரு நிலையிலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த இணைப்பில் 0-வில் நியூட்ரல் துண்டாகாது. ஆகவே முன்னால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் ஒரு டபுள் போல் எம்.சி.பி. கட்டாயம். டெர்மினல் பாக்ஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

சுவிட்ச் மேல் ‘16 ஆம்ப்’ என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மோட்டார் லோடுக்கு எத்தனை கிலோவாட் என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். போடாத சுவிட்ச் என்றால் 25 ஆம்புக்குக் குறையாமல் வாங்குங்கள்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். கேரேஜை, அதாவது டூலைத் தாங்கி நகரும் பாகத்தை, இழுக்கும் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை இருக்க, 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) போடும்போது, கேரேஜை அந்த ஸ்க்ரூவோடு கோக்கும் அரை நட்டைத் திறந்தால் பழைய தடத்தில் மறுபடி மாட்டாது. அதனால்தான் நட்டை மூடியபடியே ரிவர்ஸில் கேரேஜைத் திரும்பக் கொண்டு வருகிறோம். மரையின் கடைசிக்கு வந்ததும் 0-வில் நிற்காமல் சரக்கென்று ரிவர்ஸுக்குத் தள்ளினால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது, அதே பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். கேரேஜ் நேரே, வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் சக்கைப் பார்த்துப் போகும். மோட்டார் வேகம் பிடித்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் திறந்து ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடும் சத்தம். அதன் பிறகு அந்தக் காயிலை நீங்கள் எப்படி மாற்றினாலும் மோட்டாருக்குத் தெரியாது. 0-வில் வையுங்கள், டூலைப் பின்னால் இழுங்கள், வேகம் இறங்கி மறுபடி ‘டிக்’ கேட்டு, சக் முழுதாக நின்ற பிறகு ரிவர்ஸ். சக் நின்று தீர நேரமாகும் என்பதால் மரை முடியும் இடத்தில் ஒரு காடி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், டூல் அதற்குள் வந்து நிற்கட்டும்.

அடுத்தது, எல்லோரும் ‘பார்த்துக்கலாம்’ என்று விடும் சமாச்சாரம். உங்கள் சக் ஸ்பிண்டிலில் (அதைச் சுற்றும் தண்டில்) எப்படிப் பிடித்திருக்கிறது? கேம் லாக் என்றாலோ, டேப்பரில் சாவி வைத்துப் பெரிய நட்டால் இறுக்கியது என்றாலோ இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் நம் ஊர் பழைய சின்ன லேத்துகளில் சக்கின் பின்தட்டான பேக் பிளேட் ஸ்பிண்டில் மரையில் சும்மா திருகி ஏறியிருக்கும். ஃபார்வர்டில் ஓட ஓட அது இறுகும். ரிவர்ஸில் ஸ்பிண்டில் வெடுக்கென்று கிளம்பும்போது சக் தன் கனத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், மரை கழலத் தொடங்கும். கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரின் கிளப்பல் மெதுவானதல்ல. நான் வேலை பழகிய பட்டறையில் இப்படிக் கழன்ற ஆறு அங்குல சக், கேரேஜ் ஓடும் லேத் பெட் மேல் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளிக் கீழே போனது. ஆள் டீ குடிக்கத் திரும்பியிருந்ததால் கால் தப்பியது. பெட்டில் விழுந்த வெட்டை அரம் போட்டுத் தட்டையாக்கினோம். கேரேஜ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் கையில் ஒரு தட்டு தெரியும். ஆகவே உங்களுடையது மரை சக் என்றால்: பேக் பிளேட்டில் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ ஒன்று போட்டு, அதன் முனையில் ஸ்பிண்டில் மரை கெடாதபடி ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள். அதுவும் முழுக்காப்பு அல்ல. பேக் கியரில் குறைந்த வேகத்தில் மட்டும் ரிவர்ஸ் ஓட்டுங்கள். ரிவர்ஸில் மெட்டல் வெட்டவே வெட்டாதீர்கள், கேரேஜைத் திருப்ப மட்டும்தான் அது. ‘எத்தனையோ வருஷமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலை’ என்பவரிடம் அவர் சக் எப்படிப் பிடித்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த சுவிட்ச் மட்டும் போதாது. கரண்ட் போய் வந்தால், சுவிட்ச் நின்ற நிலையிலேயே லேத் தானாகக் கிளம்பும். அந்த நேரம் நீங்கள் சக்கில் சாவி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். சுவிட்சுக்கு முன்னால் பச்சை, சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டர் ஒன்று போடுங்கள். கரண்ட் போனதும் அதன் காயில் விட்டுவிடும், மறுபடி பச்சையை அமுக்கினால்தான் ஓடும். எர்த் உண்டா என்று கேட்கவே எனக்கு அலுப்பு, இருந்தால் சந்தோஷம்.

புரோக்கரின் த்ரீ ஃபேஸ் மோட்டார்? உங்களிடம் ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் சர்வீஸ் இருந்தால் அதுதான் சுகம், சந்தேகமில்லை. இல்லாமல், ஒரு எச்.பி.க்காக மனு, டெபாசிட், ‘ஏ.இ. (மின்வாரிய உதவிப் பொறியாளர்) சைட்ல இருக்கார், நாளைக்கு வாங்க’ என்று அலைய வேண்டாம். ‘டிரைவ் போட்டா சிங்கிள் ஃபேஸ்லயே ஓடும்’ என்று அவர் அடுத்துச் சொல்வார். டிரைவ் என்பது சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கிக் கொடுக்கும் பெட்டி. ஓடும்தான், நன்றாகவே ஓடும். ஆனால் உங்கள் ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் மாட்டிக் கொடுப்பார்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவ் போகும். ரிவர்ஸை டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலில்தான் கொடுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஃபார்வர்டு, நிறுத்தம், ரிவர்ஸ் என்று பாருங்கள். சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் இரண்டு விநாடிக்கு மேல் விடாதீர்கள், எம்.சி.பி.யை இறக்குங்கள். ஸ்டார்ட்டிங் வரிசையில் எங்கோ வயர் விட்டிருக்கிறது. உறுமலைக் கேட்டுவிட்டுப் புல்லியைக் கையால் தள்ளிப் பார்க்க ஆசை வரும். கைவிரலை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மீட்டரை எடுங்கள்.