போர்முனையில் தன்னார்வ மருத்துவ உதவியாளரின் வேலை நிஜத்தில் என்ன? முதலுதவிப் பயிற்சி மட்டும் இருந்தால் போகலாமா?

போகலாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வேலை இன்னதென்று தெரிந்தால் அந்தக் கேள்வி பாதி தானாகவே கரைந்துவிடும்.

உடம்பில் பாய்ந்த குண்டைக் களத்தில் யாரும் தோண்டி எடுப்பதில்லை. அது சினிமாவில் மட்டும்தான். ரத்தத்தை நிறுத்துவதும், உடம்புச் சூடு குறையாமல் ஆளை அறுவை மேசைவரை கொண்டுசேர்ப்பதும்தான் வேலை. வளர்ந்த ஒருவரிடம் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதனால் 'முதலில் மூச்சைப் பார்' என்ற பழக்கமான வரிசை இங்கே மாறுகிறது. பெருகும் ரத்தம், மூச்சுப்பாதை, மார்பு, ரத்த ஓட்டம், பிறகு குளிரும் தலைக்காயமும் என்று போகும்.

துப்பாக்கிச் சூடு நடக்கும் இடத்தில் சிகிச்சை கிடையாது. மறைவுக்கு இழுக்க வேண்டும். அதிகபட்சம், உடுப்பின் மேலேயே, கை காலில் எவ்வளவு மேலே முடியுமோ அங்கே டூர்னிக்கெட்டை (ரத்தத்தை நிறுத்தக் கை காலைச் சுற்றி இறுக்கும் பட்டை) இறுக்கலாம். மறைவுக்கு வந்ததும் துணியை வெட்டிப் பார்த்து, காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, தோலின்மீது இன்னொன்றைச் சரியாகப் போட வேண்டும். மூட்டின் மேல் போடக் கூடாது.

டூர்னிக்கெட்டில் நடக்கும் தவறுகள் எல்லாமே சில்லறைத் தவறுகள்தான். பட்டையைக் கையால் நன்றாக இழுக்காமல் திருகுகோலை (பட்டையை முறுக்கி இறுக்கும் குச்சி) மட்டும் சுற்றினால் அழுத்தம் போதாது. ரத்தம் திரும்பிப்போகும் சிரை அமுங்கும், ரத்தம் கொண்டுவரும் தமனி அமுங்காது, ரத்தம் முன்னைவிட அதிகம் வரும். கால்சட்டைப் பையில் சாவியோ போனோ இருந்தால் அதன் மேல் இறுகிப் பயனில்லாமல் போகும். மலிவான போலிப் பட்டையில் திருகுகோலே ஒடியும். ரத்தம் நின்று, கீழே நாடியும் நின்றால்தான் போட்டதாக அர்த்தம். நிற்கவில்லையா, முதல் பட்டைக்குப் பக்கத்திலேயே மேலே இரண்டாவது. வலி தாங்காமல் "தளர்த்துங்கள்" என்று கெஞ்சுவார்கள், தளர்த்தக் கூடாது. அவ்வப்போது தளர்த்தி விடச் சொல்லும் பழைய பாடத்தை மறந்துவிடுங்கள், அது ரத்தத்தைத் தவணை முறையில் இழக்கும் வழி. போட்ட நேரத்தை அழியாத மையில் எழுத வேண்டும். முதலில் அடிபட்டவரின் பையிலுள்ள பட்டையையே எடுங்கள். உங்களுடையது அடுத்த ஆளுக்கு.

இடுப்பு மடிப்பு, அக்குள் பகுதிகளில் சாதாரணப் பட்டை நிற்காது. ரத்தம் வரும் புள்ளியை விரலால் தேடி, துணியைக் குழிக்குள் அடிவரை திணித்து, மேலே உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். ரத்தம் உறையவைக்கும் மருந்து தோய்த்த துணி என்றால் குறைந்தது 3 நிமிடம். இடையில் எட்டிப்பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. மார்புக்கும் வயிற்றுக்கும் இந்தத் திணிப்பு ஆகாது. மார்புக் காயத்துக்கு வால்வு உள்ள ஒட்டுப்பட்டை. முதுகைப் புரட்டிப் பார்க்காமல் விட்டால், அங்கிருக்கும் இன்னொரு துளை தப்பிவிடும். ஒட்டிய பிறகு மூச்சுத்திணறல் ஏறினால் ஓரத்தைத் தூக்கிக் காற்றை வெளியே விட வேண்டும்.

குளிரைப் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது, உறையாவிட்டால் இன்னும் போகும், போகப் போக இன்னும் குளிரும். வெயில் காலத்திலும் இதுதான் கதை. ஈரத்துணியைக் கழற்றி, முதலில் உடம்புக்கும் தரைக்கும் நடுவே ஏதாவது போடுங்கள். மேலே போர்த்துவது அப்புறம்.

மயக்கமோ வலிநிவாரணியோ வரும் முன், அடிபட்டவரின் ஆயுதத்தையும் வாக்கிடாக்கியையும் வாங்கி வைக்க வேண்டும். குழம்பிய மனதில் அவர் யாரையும் எதிரியாக நினைக்கலாம்.

உக்ரைனில் டிரோன்கள் வந்தபின் பெரிய சிக்கல், வெளியேற்றம் பல மணி நேரம் தள்ளிப்போவது. பட்டையோடு காத்திருந்தே காலை இழப்பவர்கள் உண்டு. அதனால் பட்டை போட்ட 2 மணி நேரத்துக்குள், ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலை இல்லை, துண்டான உறுப்பு இல்லை, காயத்தைக் கண்காணிக்க ஆள் உண்டு என்றால், காயத்தைத் திணித்துக் கட்டிவிட்டுப் பட்டையை மெல்லத் தளர்த்திப் பார்ப்பார்கள்; தளர்த்தக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. 6 மணி நேரம் தாண்டியதைக் களத்தில் தொடவே கூடாது.

சட்டம் உங்களைக் காக்கும் என்று முழுசாக நம்ப வேண்டாம். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி, செஞ்சிலுவைச் சின்னம் அரசு அங்கீகரித்து அனுமதித்த உதவிச் சங்கங்களின் ஊழியர்களுக்கு உண்டு. தானாகக் கிளம்பி வந்தவர் அதைக் கையில் கட்டிக்கொள்ள உரிமை இல்லை. உரிமை இருந்தாலும் குண்டு தேடிவராது என்பதில்லை: 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் (MSF) என்ற உதவி அமைப்பு நடத்திய மருத்துவமனை, இருப்பிடம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தும், அமெரிக்க விமானத்தின் தாக்குதலுக்கு ஆளானது, 42 பேர் இறந்தார்கள். கூடவே, எதிரிப் படையின் காயம்பட்டவரையும் அவசரத்தின் வரிசையில்தான் பார்க்க வேண்டும். நம்மவருக்கு முன்னுரிமை கிடையாது.

முதலுதவிப் பயிற்சி மட்டும் என்றால், போக வேண்டாம். போர்க்களக் காயச் சிகிச்சைக்கான பயிற்சியை முடித்து, இருட்டில், கையுறையோடு, ஒற்றைக் கையால் தன் காலிலேயே பட்டை போடப் பழகிய பிறகு யோசியுங்கள். சேரும் குழுவிடம் முதலில் கேட்க வேண்டியது: எனக்கு அடிபட்டால் என்னை யார், எந்த வண்டியில், எங்கே கொண்டுபோவார்கள்? செலவு யாருடையது? பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தக் குழு வேண்டாம்.